தொலைக்காட்சியின் முதல் தலைமுறை: பதிவாகாத வரலாறும் எஞ்சியுள்ள சாட்சிகளும்

அமெரிக்காவின் தொடக்ககாலத் தொலைக்காட்சி வலையமைப்புகளில் ஒன்றான டூமாண்ட், 1946 முதல் 1956 வரை இயங்கிப் பின்னர் மூடப்பட்டது. அது ஒளிபரப்பிய பல்லாயிரம் நிகழ்ச்சிகளில் இன்று எஞ்சியிருப்பவை சில நூறு மட்டுமே. மற்றவை என்னவாயின என்பது குறித்துப் பரவலாக மேற்கோள் காட்டப்படும் தகவல், எந்தவோர் அலுவலகக் கோப்பிலிருந்தும் வந்ததல்ல. தொலைக்காட்சிப் பதிவுகளின் பாதுகாப்புக் குறித்து அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 1996ஆம் ஆண்டு நடத்திய பொது விசாரணையில், நடிகை ஈடி ஆடம்ஸ் அளித்த சாட்சியம் அது. 1970களின் தொடக்கத்தில் அந்த நிறுவனத்தின் சொத்துகள் கைமாறியபோது, பழைய பதிவுகளைப் பேணும் செலவை யார் ஏற்பது என்ற சிக்கல் எழுந்தது என்று அவர் கூறினார். அதற்குத் தீர்வாக ஒரு வழக்கறிஞர் அவற்றை மூன்று லாரிகளில் ஏற்றிச்சென்று, படகு வழியாக நியூயார்க் விரிகுடாவில் கொட்டச் செய்தார் என்பது அவரது சாட்சியம். ஆடம்ஸ் 2008ஆம் ஆண்டு காலமானார்.

இந்தச் சாட்சியம் இல்லாதிருந்தால், ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தின் பத்தாண்டுக் காலப் பணி எவ்வாறு மறைந்தது என்பதே தெரியாமல் போயிருக்கும். அதேவேளை, அது நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்திலிருந்து ஏறக்குறைய கால் நூற்றாண்டு கடந்த பின்னர், ஒரு தனிமனிதர் தம் நினைவிலிருந்து கூறியது என்பதையும் மறந்துவிட முடியாது. முன்னோடிகளை நேர்காணல் செய்து தொலைக்காட்சி வரலாற்றைப் பாதுகாக்கும் முயற்சிகளின் வலிமை, வரம்பு ஆகிய இரண்டும் இந்த ஒரு நிகழ்விலேயே அடங்கியுள்ளன.

உலகத் தமிழர்களுக்கும் இது தொலைவிலுள்ள செய்தி அல்ல. சிங்கப்பூரில் 1963ஆம் ஆண்டும், சென்னையில் 1975ஆம் ஆண்டும், கொழும்பில் 1979, 1982 ஆகிய ஆண்டுகளிலும் தொடங்கப்பட்ட தொலைக்காட்சி நிலையங்களுக்குள் முதன்முதலாகக் காலடி வைத்த தமிழர்கள் இன்று முதுமையில் இருக்கிறார்கள். பலர் மறைந்துவிட்டார்கள். எஞ்சியிருப்போரின் நினைவுகள் பதிவு செய்யப்படாவிட்டால், தமிழில் தொலைக்காட்சி எவ்வாறு உருவானது என்பதை அறிய நிர்வாக அறிக்கைகளும் திறப்பு விழாப் புகைப்படங்களுமே மிஞ்சும்.

நேரலையாகப் பிறந்து மறைந்தவை

அச்சிட்ட நூலின் ஒரு பிரதியாவது எங்கேனும் எஞ்சும். திரைப்படத்துக்குப் படச்சுருள் உண்டு. தொலைக்காட்சி, பிறந்தபோது பதிவு ஊடகமாகவே இருக்கவில்லை. ஒளிபரப்பான கணத்திலேயே அது மறைந்தது.

பிபிசி நிறுவனம் தனது தொலைக்காட்சிச் சேவையை 1936ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் தேதி, வடக்கு லண்டனில் உள்ள அலெக்சாண்ட்ரா மாளிகையிலிருந்து தொடங்கியது. போரை முன்னிட்டு 1939 செப்டம்பர் 1ஆம் தேதி அது நிறுத்தப்பட்டது. ஏறக்குறைய மூன்று ஆண்டுக் கால நேரலை ஒளிபரப்பில், வானலையிலிருந்து பெறப்பட்டு இன்று எஞ்சியிருப்பதாக அறியப்படுவது சில நிமிடக் காட்சி மட்டுமே. வளிமண்டல நிலை வழக்கத்துக்கு மாறாக இருந்த 1938ஆம் ஆண்டில், லண்டனின் சமிக்ஞை அட்லாண்டிக் கடலைத் தாண்டி நியூயார்க்கை எட்டியபோது, அங்கிருந்த பொறியாளர்கள் பெறுவியின் திரையைப் படம்பிடித்து வைத்த ஒலியற்ற காட்சி அது.

ஒளிநாடாவில் பதிவு செய்யும் கருவியை ஆம்பெக்ஸ் நிறுவனம் 1956ஆம் ஆண்டு அறிமுகப்படுத்தியது. அதன் பிறகும் நிலைமை உடனே மாறிவிடவில்லை. நாடாவின் விலை மிக அதிகம். அதை அழித்து மீண்டும் பயன்படுத்தலாம் என்பதே அதன் சிறப்பாகக் கருதப்பட்டது. பழைய நிகழ்ச்சிகளை மறு ஒளிபரப்புச் செய்யக் கலைஞர்களின் சங்கங்களுடனான ஒப்பந்தங்கள் கட்டுப்பாடு விதித்தன. வீட்டில் நிகழ்ச்சிகளைப் போட்டுப் பார்க்கும் சந்தை அப்போது இல்லை. எனவே கணக்கர்களின் பார்வையில், ஒளிபரப்பி முடிந்த நாடா என்பது இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் வெற்று நாடா.

விளைவு தெரிந்ததே. பிபிசியின் 'டாக்டர் ஹூ' தொடரில் 1960களில் வெளியான அத்தியாயங்களில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை இன்று இல்லை. 1969ஆம் ஆண்டு மனிதன் நிலவில் இறங்கிய இரவில் அந்த நிறுவனத்தின் கலையகத்தில் நடந்த நேரலை நிகழ்ச்சியும் எஞ்சவில்லை. நிலவிலிருந்து நேரடியாகப் பெறப்பட்ட காட்சிகளின் மூல நாடாக்கள் பெரும்பாலும் அழிக்கப்பட்டு மறுபயன்பாட்டுக்குச் சென்றிருக்க வேண்டும் என்ற முடிவை நாசா 2009ஆம் ஆண்டு வெளியிட்டது. இந்தியாவில் தூர்தர்ஷனிலும் நாடாக்களை அழித்து மீண்டும் பயன்படுத்தும் வழக்கம் இருந்தது.

ஆயினும், எல்லா நாடாக்களும் பத்திரமாக இருந்திருந்தாலும்கூட வரலாறு முழுமையாகி இருக்காது. நாடாவில் இருப்பது கேமராவுக்கு முன்னால் நிகழ்ந்தது. கேமராவுக்குப் பின்னால் நிகழ்ந்த எதுவும் அதில் இல்லை. ஒரு செய்தியை எடுக்கச் சொன்னவர் யார், தடுத்தவர் யார், பற்றாக்குறையை எவ்வாறு சமாளித்தார்கள், யாருக்கு வாய்ப்பு மறுக்கப்பட்டது என்பனவற்றுக்கான விடை மனிதர்களிடமே இருக்கிறது.

ஆறு நேர்காணல்களில் தொடங்கிய காப்பகம்

இந்த உணர்வே அமெரிக்கத் தொலைக்காட்சிக் கலை அறிவியல் அகாடமியின் அறக்கட்டளையை 1990களின் நடுப்பகுதியில் ஒரு முயற்சியில் இறங்கச் செய்தது. யூத இனப்படுகொலையிலிருந்து தப்பியவர்களின் சாட்சியங்களைப் பதிவு செய்வதற்காகத் திரைப்பட இயக்குநர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் 1994ஆம் ஆண்டு தொடங்கிய அமைப்பே இதற்கு முன்மாதிரி. வெள்ளோட்டமாக ஆறு பேரிடம் விரிவான நேர்காணல் எடுக்கப்பட்டது. நகைச்சுவை நடிகர் மில்டன் பெர்ல், தயாரிப்பாளர் ஷெல்டன் லெனார்ட், எழுத்தாளர் லெனார்ட் ஸ்டெர்ன், ஒப்பனைக் கலைஞர் டிக் ஸ்மித், நடிகர் தேர்வு நிர்வாகி எதெல் வினண்ட், தொலைக்காட்சிக் கண்டுபிடிப்பாளர் ஃபைலோ ஃபார்ன்ஸ்வொர்த்தின் மனைவி எல்மா ஃபார்ன்ஸ்வொர்த் ஆகியோரே அந்த அறுவர்.

இந்தத் தேர்வில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆறு பேரில், பொதுமக்கள் முகத்தைப் பார்த்தவுடன் அடையாளம் காணக்கூடியவர்கள் ஓரிருவரே. மற்றவர்கள் திரைக்குப் பின்னால் பணியாற்றியவர்கள். 1945ஆம் ஆண்டு என்பிசி நிறுவனத்தில் சேர்ந்த டிக் ஸ்மித், ஒரு தொலைக்காட்சி ஒப்பனைத் துறையைத் தொடக்கத்திலிருந்தே உருவாக்கியவர். எதெல் வினண்ட், 1970களின் தொடக்கத்தில் சிபிஎஸ் வலையமைப்பின் துணைத் தலைவர் பொறுப்புக்கு உயர்ந்த முதல் பெண்மணி. உயரதிகாரிகளின் உணவுக்கூடத்தையொட்டி ஒரே கழிப்பறைதான் இருந்தது. அதன் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஆகவே தாம் உள்ளே இருப்பதைத் தெரிவிக்க, தமது குதியுயர்ந்த காலணிகளைக் கதவுக்கு வெளியே அவர் விட்டுச் செல்வார் என்பது அவரைப் பற்றிப் பலராலும் நினைவுகூரப்படும் செய்தி. ஒரு துறையில் அதிகாரம் யாருக்காகக் கட்டமைக்கப்பட்டிருந்தது என்பதை இந்தச் சிறு தகவல் விளக்குவதுபோல எந்தவொரு பழைய ஒளிநாடாவாலும் விளக்க முடியாது.

காலத்தின் அவசரமும் தொடக்கத்திலேயே தெரிந்தது. 1996ஆம் ஆண்டு நேர்காணல் அளித்த ஷெல்டன் லெனார்ட், 1997 ஜனவரியில் காலமானார். சில மாதங்கள் தாமதித்திருந்தால் அந்தப் பதிவு சாத்தியமாகி இருக்காது. இன்று இந்தக் காப்பகத்தில் 900க்கும் மேற்பட்டோரின் நேர்காணல்கள் உள்ளன. ஒவ்வொன்றும் பல மணி நேரம் நீள்வது வழக்கம். பிறப்பு, கல்வியில் தொடங்கி, செய்த ஒவ்வொரு பணியாக வரிசைப்படி கேட்கப்படுகிறது. பெரும்பாலானவற்றை எவரும் இணையத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

பிரிட்டன்: நிர்வாகத்தின் நினைவும் தொழிலாளரின் நினைவும்

பிரிட்டனில் இரண்டு வேறுபட்ட வழிகள் பின்பற்றப்பட்டன. பிபிசி நிறுவனம் 1972ஆம் ஆண்டு தனது வாய்மொழி வரலாற்றுத் திட்டத்தைத் தொடங்கியது. அந்த நிறுவனத்தின் மூத்த நிர்வாகியாக இருந்த ஃபிராங்க் கில்லார்ட் அதற்கு வித்திட்டார். ஓய்வுபெறும் முக்கிய அதிகாரிகளிடம் நேர்காணல் எடுத்து, நிறுவனத்தின் உள்பயன்பாட்டுக்காகப் பாதுகாத்தார்கள். உடனடியாக வெளியிடப்படாது என்ற நம்பிக்கை இருந்ததால், அரசாங்கத்துடனான உரசல்கள் உள்ளிட்டவை பற்றிப் பலர் வெளிப்படையாகப் பேசினார்கள். ஆனால் அதே காரணத்தால், பல பதிவுகள் நெடுங்காலம் பொதுமக்களையும் ஆய்வாளர்களையும் எட்டவில்லை. சசெக்ஸ் பல்கலைக்கழகத்துடன் இணைந்து 2017ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட திட்டம், நிறுவனத்தின் நூற்றாண்டான 2022ஆம் ஆண்டை ஒட்டி அவற்றில் ஒரு பகுதியைத் திறந்துவிட்டது.

மற்றொரு வழி தொழிற்சங்கத்தின் வழி. திரைப்பட, தொலைக்காட்சித் தொழில்நுட்பப் பணியாளர்களின் சங்கத்தைச் சேர்ந்த தன்னார்வலர்கள், 1980களில் தங்கள் சக ஊழியர்களை நேர்காணல் செய்யத் தொடங்கினார்கள். இன்று பிரிட்டிஷ் பொழுதுபோக்கு வரலாற்றுத் திட்டம் என்ற பெயரில் இயங்கும் அதன் தொகுப்பில் 700க்கும் மேற்பட்ட நேர்காணல்கள் இருக்கின்றன. கேமராவை இயக்கியவர், ஒலிப்பதிவாளர், படத்தொகுப்பாளர், மின்விளக்குப் பணியாளர் எனப் பலரும் இதில் பேசுகிறார்கள். கேள்வி கேட்பவரும் பெரும்பாலும் அதே தொழிலில் இருந்தவர் என்பதால், எந்தக் கருவி, என்ன கூலி, எத்தனை மணி நேர வேலை என்று அவருக்குக் கேட்கத் தெரிந்திருக்கிறது.

இரண்டையும் ஒப்பிட்டால் ஓர் அரசியல் உண்மை புலப்படும். நிறுவனம் தன் வரலாற்றைத் தானே தொகுக்கும்போது அது கொள்கை முடிவுகளின் வரலாறாக அமைகிறது. தொழிலாளர்கள் தொகுக்கும்போது அது உழைப்பின் வரலாறாகிறது. இவற்றில் ஒன்று மட்டும் கிடைத்தால், நாம் அறிவது பாதி வரலாறே. யாரிடம் கேட்கப்படுகிறது என்பதைப் போலவே, யார் கேட்கிறார் என்பதும் விடையைத் தீர்மானிக்கிறது.

நினைவை எந்த அளவுக்கு நம்பலாம்?

முதுமையில் சொல்லப்படும் நினைவு தவறக்கூடும் என்பது இத்தகைய திட்டங்களின் மீது வழக்கமாக வைக்கப்படும் விமர்சனம். அது நியாயமானதே. ஆனால் தொலைக்காட்சியின் தோற்றத்தை நினைவுச் சாட்சியங்கள் இல்லாமல் எழுத முடியாது என்பதற்கு இரண்டு உதாரணங்கள் உண்டு.

முதலாவது, ஜான் லோகி பேர்ட் தொடர்புடையது. 1925ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி, லண்டன் சோஹோ பகுதியில் இருந்த தமது ஆய்வறையில் ஒரு பொம்மைத் தலையின் உருவத்தைத் திரையில் தெளிவாகக் கண்ட பேர்ட், கீழ்த்தளத்துக்கு ஓடிச்சென்று அங்கு வேலை செய்துகொண்டிருந்த வில்லியம் டெய்ன்டன் என்ற இளைஞரை அழைத்து வந்து கேமராவுக்கு முன் உட்கார வைத்தார். விளக்குகளின் வெப்பம் தாங்காமல் தாம் பின்வாங்கியதையும், தம்மை அங்கேயே இருத்துவதற்காகப் பேர்ட் அரைக் கிரௌன் நாணயம் ஒன்றைக் கொடுத்ததையும் டெய்ன்டன் பல பத்தாண்டுகளுக்குப் பின் நேர்காணலில் நினைவுகூர்ந்தார். தொலைக்காட்சியில் தோன்றிய முதல் மனிதர்களில் ஒருவர் ஓர் அலுவலகப் பணியாளர் என்பதும், அவருக்கு ஊதியம் தரப்பட்டது என்பதும் இவ்வாறே நமக்கு உயிர்ப்புள்ள செய்தியாகக் கிடைத்தன.

இரண்டாவது, ஃபைலோ ஃபார்ன்ஸ்வொர்த்தின் கதை. மின்னணுத் தொலைக்காட்சியின் முதல் உருவத்தை 1927 செப்டம்பர் 7ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் அனுப்பிக் காட்டியபோது அவருக்கு வயது 21. ஆர்சிஏ நிறுவனம், தன்னிடம் பணியாற்றிய விளாடிமிர் ஸ்வோரிகினுக்கே முன்னுரிமை என்று வாதிட்டது. காப்புரிமை வழக்கில், ஐடஹோ மாநிலப் பள்ளியொன்றில் ஃபார்ன்ஸ்வொர்த்துக்கு வேதியியல் கற்பித்த ஜஸ்டின் டோல்மன் சாட்சியம் அளித்தார். 1922ஆம் ஆண்டு அந்த மாணவர் தமக்கு விளக்கிக் காட்டிய வரைபடத்தை அவர் நினைவிலிருந்து வரைந்து காட்டினார். 1930களின் நடுப்பகுதியில் தீர்ப்பு ஃபார்ன்ஸ்வொர்த்துக்குச் சாதகமாக அமைந்தது. ஆனால் புகழ் அவருக்கு வரவில்லை. டேவிட் சர்னாஃபின் தலைமையில் ஆர்சிஏ பெரும் வணிகப் பேரரசாக வளர, ஃபார்ன்ஸ்வொர்த் 1971ஆம் ஆண்டு பெரும்பாலும் மறக்கப்பட்ட நிலையில் காலமானார்.

அவருக்குப் பின் முப்பத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்த மனைவி எல்மா, ஆய்வுக்கூடத்தில் கணவருடன் சேர்ந்து பணியாற்றியவர். தொடக்கச் சோதனைகளில் அவரது உருவமே திரையில் அனுப்பப்பட்டது. கூசும் ஒளியைத் தாங்க முடியாமல் அதில் அவரது கண்கள் மூடியிருந்தன. 1969ஆம் ஆண்டு நிலவில் மனிதன் நடந்த காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, பட்ட பாடெல்லாம் வீண்போகவில்லை என்று கணவர் தம்மிடம் சொன்னதாக அவர் தமது நேர்காணலில் கூறியுள்ளார். இதில் ஒரு சுவையான முரணும் உண்டு. அந்த நேர்காணல் எடுக்கப்பட்டபோது அகாடமி அறக்கட்டளையின் தலைவராக இருந்தவர், டேவிட் சர்னாஃபின் மகன் தாமஸ் சர்னாஃப்.

எல்மாவின் சாட்சியம் ஒரு பக்கத்தின் சாட்சியமே. கணவரின் பெயரை நிலைநாட்டுவதைத் தம் வாழ்நாள் பணியாகக் கொண்டிருந்தவர் அவர். ஆகவே அதைக் காப்புரிமை ஆவணங்களோடும் எதிர்த்தரப்பின் பதிவுகளோடும் சேர்த்து வாசிக்க வேண்டும். நேர்காணலின் பணி தீர்ப்பு வழங்குவதல்ல, சாட்சியத்தைப் பாதுகாப்பது. ஆவணம் பின்னர் கிடைக்கலாம். மனிதர் பின்னர் கிடைக்கமாட்டார்.

தமிழ்த் தொலைக்காட்சியின் முதல் தலைமுறை

இந்த அளவுகோலைத் தமிழர்களின் அனுபவத்துக்குப் பொருத்திப் பார்க்கலாம். 1963 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூரில் தொலைக்காட்சி தொடங்கப்பட்டபோது, அதைத் தொடங்கி வைத்த கலாசார அமைச்சர் சின்னத்தம்பி ராஜரத்தினம், யாழ்ப்பாணத்தில் பிறந்த தமிழர். மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றுடன் தமிழுக்கும் அங்கு இடம் கிடைத்தது. அப்போது 25 வயதில் பணியில் சேர்ந்தவர் இன்று எண்பத்தைந்தைக் கடந்திருப்பார். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15ஆம் தேதி தொடங்கியது. அதே வயதில் அங்கு சேர்ந்தவர் எழுபத்தைந்தை எட்டியிருப்பார். கொழும்பில் ஐடிஎன் 1979 ஏப்ரலில் தனியார் முயற்சியாகத் தொடங்கப்பட்டு, இரு மாதங்களுக்குள் அரசுடைமையாக்கப்பட்டது. ஜப்பானின் உதவியுடன் கட்டப்பட்ட ரூபவாஹினி 1982 பிப்ரவரி 15ஆம் தேதி ஒளிபரப்பைத் தொடங்கியது. அங்கு முதல் அணியில் இருந்த இளையவர்களும் எழுபதை நெருங்கியிருப்பார்கள் அல்லது கடந்திருப்பார்கள்.

இவர்களிடம் கேட்க வேண்டியவை ஏராளம். அதுவரை வானொலித் தமிழ் மட்டுமே இருந்தது. முகம் தெரியும் ஊடகத்துக்கு ஏற்ற செய்தித் தமிழை யார், எப்படி வகுத்தார்கள்? சென்னையின் 'வயலும் வாழ்வும்' நிகழ்ச்சிக்காகக் கிராமங்களுக்குக் கருவிகளைக் கொண்டு சென்றவர்கள் யார்? 'ஒளியும் ஒலியும்' நிகழ்ச்சியின் பாடல்களைத் தேர்வு செய்தவர்கள் எத்தகைய அழுத்தங்களைச் சந்தித்தார்கள்? சென்னை நிலையம் நெருக்கடி நிலை நடைமுறையில் இருந்த காலத்தில் பிறந்தது. அதன் முதல் ஒன்றரை ஆண்டுக் காலத் தணிக்கை அன்றாட அலுவலக மேசையில் எவ்வாறு செயல்பட்டது?

இலங்கையைப் பொறுத்தவரை இன்னும் கனமான கேள்விகள் உள்ளன. 1983 ஜூலை வன்செயல்கள் வெடித்தபோது ரூபவாஹினிக்கு வயது ஒன்றரை ஆண்டுகூட நிரம்பவில்லை. ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்த்தன ஜூலை 28ஆம் தேதி நாட்டு மக்களுக்கு ஆற்றிய உரையில் தமிழர்களுக்கு ஆறுதலாக ஒரு சொல்லும் இல்லை என்பது அந்த உரை குறித்து நீடித்து நிற்கும் குற்றச்சாட்டு. உரை பதிவில் உள்ளது. ஆனால் அந்த வாரத்தில் நிலையத்தின் தமிழ்ப் பிரிவில் யார் பணிக்கு வர முடிந்தது, யார் முகாமில் இருந்தார், தமிழ்ச் செய்தியை யார் எழுதினார், யார் வாசித்தார் என்பது எந்த உரையிலும் இல்லை. அது அங்கு பணியாற்றிய மனிதர்களின் நினைவில் மட்டுமே இருக்கக்கூடும்.

முன்னோடி என்ற சொல்லையும் சற்று விரிவாகவே பொருள்கொள்ள வேண்டும். 1980களில் தென் தமிழகத்தில் பலர் உயரமான ஆண்டெனாக்களைக் கட்டி ரூபவாஹினியைப் பார்த்தார்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டில் இந்தியத் தொலைக்காட்சியைப் பார்த்தார்கள். பாக்கு நீரிணையின் இரு கரைகளிலும் அந்த ஆண்டெனாக்களை நிறுவிய தொழிலாளர்களும், மின்சாரம் இல்லாத நாட்களில் கார் பற்றரியில் தொலைக்காட்சிப் பெட்டியை இயக்கிக் காட்டியவர்களும் இந்த வரலாற்றின் பகுதியே. 1990களின் இறுதியிலும் அதன் பின்னரும் பாரிஸ், லண்டன், டொராண்டோ நகரங்களில் செய்மதி, கேபிள் வழியாகத் தமிழ்த் தொலைக்காட்சிகளைத் தொடங்கியவர்களுக்கும் இது பொருந்தும். பகலில் தொழிற்சாலையிலும் உணவகத்திலும் வேலை செய்துவிட்டு, இரவில் செய்தி வாசித்த அகதித் தலைமுறை அது. அவர்கள் பயன்படுத்திய காந்த நாடாக்கள் வீட்டு அறைகளிலும் கராஜ்களிலும் நலிந்து வருகின்றன. அவற்றைப் போட்டுப் பார்க்கும் கருவிகளும் அருகிவிட்டன. விஎச்எஸ் கருவிகளின் உற்பத்தியே 2016ஆம் ஆண்டுடன் நின்றுவிட்டது.

வாக்குறுதியும் சட்டமும்

போர்க்காலத்தில் ஊடகப் பணி செய்தவர்களிடம் நேர்காணல் எடுக்க முற்படுவோர் அறிந்திருக்க வேண்டிய ஓர் எச்சரிக்கை உண்டு. வட அயர்லாந்து மோதலில் பங்கேற்ற முன்னாள் ஆயுதக் குழுவினரின் நினைவுகளை, அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரி 2001ஆம் ஆண்டு தொடங்கிச் சில ஆண்டுகள் பதிவு செய்தது. பேசியவர் உயிரோடு இருக்கும்வரை பதிவு வெளிவராது என்பது அவர்களுக்கு அளிக்கப்பட்ட வாக்குறுதி. ஆனால் 2011ஆம் ஆண்டு பிரிட்டிஷ் அதிகாரிகள், இரு நாடுகளுக்கும் இடையிலான சட்ட உதவி உடன்படிக்கையின் கீழ் அந்த நாடாக்களைக் கோரினார்கள். நீதிமன்றப் போராட்டத்துக்குப் பின் அவற்றில் ஒரு பகுதி 2013ஆம் ஆண்டு ஒப்படைக்கப்பட்டது. அவற்றை ஆதாரமாகக் கொண்டு தொடரப்பட்ட ஒரு வழக்கில், அந்த நாடாக்கள் நம்பத்தக்கவை அல்ல என்று 2019ஆம் ஆண்டு நீதிமன்றம் ஒதுக்கியது.

சட்டத்தின் முன் செல்லாத வாக்குறுதியை ஒரு கல்லூரி அளிக்கலாகாது என்பதே இதன் பாடம். தமிழ் ஊடகவியலாளர்கள் பலர் இன்றும் குடும்பத்தினரைத் தாயகத்தில் கொண்டிருக்கிறார்கள். சிலரது குடியுரிமை விண்ணப்பங்கள் பழைய தொடர்புகளை வைத்தே பரிசீலிக்கப்பட்டன. எனவே எதைப் பேசலாம், எதைப் பேசாமல் விடலாம் என்பதைப் பேசுபவரே முடிவு செய்ய வேண்டும். வெளியிடத் தடைக்காலம் விதித்தாலும், நீதிமன்ற ஆணைக்கு முன் அது நிற்காமல் போகலாம் என்பதை முன்கூட்டியே எழுத்தில் தெரிவிப்பதுதான் நேர்மை.

செய்யக்கூடியவை

இதற்கெனப் பெரும் நிறுவனம் ஒன்று உருவாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கைத்தொலைபேசியிலேயே தரமான பதிவு சாத்தியமாகிவிட்டது. குறைவாக இருப்பது முன்தயாரிப்பும் ஒழுங்குமே.

அனுபவமுள்ள காப்பகங்களின் செயல்முறையிலிருந்து சில நெறிகளைப் பெறலாம். முதலில் வயதில் மூத்தவர்களையும் உடல்நலம் குன்றியவர்களையும் அணுக வேண்டும். புகழ்பெற்ற முகங்களுக்கு இணையாகத் தட்டச்சு செய்தவர், மொழிபெயர்த்தவர், ஒப்பனை செய்தவர், வாகனம் ஓட்டியவர் ஆகியோரையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். அக்கால நாளிதழ்களில் வெளியான நிகழ்ச்சி நிரல்களையும் பழைய புகைப்படங்களையும் முன்னால் வைத்துக்கொண்டு கேட்டால், நினைவு கூர்மை பெறும், தேதிகளும் சரிபார்க்கப்படும். அந்தக் காலம் எப்படி இருந்தது என்று பொதுவாகக் கேட்பதைவிட, கலையகத்தில் எத்தனை கேமராக்கள் இருந்தன, செய்தி அறிக்கை யாருடைய ஒப்புதலுக்குப் போனது, முதல் மாதச் சம்பளம் எவ்வளவு என்று கேட்பதே பயன் தரும்.

பதிவு செய்வதுடன் பணி முடிந்துவிடுவதில்லை. நேர்காணலை எழுத்து வடிவிலும் தர வேண்டும். இல்லையேல் பல மணி நேரப் பதிவில் எதையும் தேட முடியாது. குறைந்தது மூன்று பிரதிகள் வேண்டும். அவற்றில் ஒன்று வேறோர் ஊரில் இருக்க வேண்டும். ஒரு தனிமனிதரின் கணினியில் மட்டும் உள்ள பதிவு, கராஜில் கிடக்கும் நாடாவைவிடப் பாதுகாப்பானது அல்ல. சிங்கப்பூரின் தேசிய ஆவணக்காப்பகம் 1979ஆம் ஆண்டு முதல் நடத்தி வரும் வாய்மொழி வரலாற்று மையத்தில் தமிழிலான நேர்காணல்களும் உள்ளன. இலங்கைத் தமிழ் ஆவணங்களுக்காக 2005ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நூலகம் எண்ணிம ஆவணக்காப்பகமும், 1994 முதல் இயங்கும் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் தமிழ் ஆவணங்களைப் பேணும் அனுபவம் கொண்டவை. தனியார் முயற்சிகள் இத்தகைய அமைப்புகளுடன் முன்கூட்டியே உடன்பாடு செய்துகொள்வது நல்லது.

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இந்தப் பணி தொடங்கியபோது, அங்கு தொலைக்காட்சிக்கு ஏறக்குறைய ஐம்பது வயதாகியிருந்தது அல்லது அதை நெருங்கிக்கொண்டிருந்தது. கண்டுபிடிப்பாளர்கள் அதற்குள் மறைந்துவிட்டிருந்தாலும், கலையகங்களை உருவாக்கிய தலைமுறை உயிரோடு இருந்தது. சென்னைத் தொலைக்காட்சி 2025ஆம் ஆண்டு ஐம்பதை நிறைவு செய்தது. ரூபவாஹினி 2032ஆம் ஆண்டு அந்த வயதை எட்டும். அவர்கள் தொடங்கிய அதே கட்டத்தில் தமிழ்ச் சமூகம் இப்போது நிற்கிறது. அடுத்த சில ஆண்டுகளில் எடுக்கப்படும் நேர்காணல்களே, இந்தத் துறை குறித்து வருங்கால ஆய்வாளர்களின் கையில் இருக்கப்போகும் தமிழ்ச் சாட்சியங்கள்.